இலங்கைச் சுற்றுலாவும் நம்மவர் நடந்த பாதையும்

சென்ற கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னர், ஒரு மாலைப் பொழுதில், எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரத் தாள் ஒன்றைக் கையிலேந்தி என் இல்லத்திற்கு வந்தார். இலங்கைத் தீவினை ஏழு இரவும் எட்டுப் பகலும் சுற்றிக் காட்டும் உயர்தரச் சுற்றுலா ஒன்றின் அறிவிப்பு அது. ஒரு பக்கத்தில் ஏரிக்கரையிலே மேயும் யானைக் கூட்டம். மறு பக்கத்தில் கண்டி மாநகரில் தீவட்டிகளின் நடுவே ஆடுவோர். இடையே பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற தேயிலை மலை. அம்மலையின் முடியில் பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் வாழ்ந்த பங்களா. அந்தப் பங்களாவில் இரண்டு இரவு தங்குவதற்கு ஆகும் கட்டணம் என் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். நண்பர் நல்ல வாணிகத்தில் உள்ளவர். ஆகையால் அவருக்கு அது பற்றிக் கவலையில்லை. அவருடைய ஐயம் வேறு. “அண்ணா, நீங்கள் ரயில்வேக்காரர் ஆயிற்றே! அங்கே ஒரு மலை ரயில் இருக்கிறதாமே, நம் ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் வைத்துத்தான் ஏறுகிறதா?” என்று கேட்டார்.

அந்த ஒரு வினாவிற்கு விடை கூறத் தொடங்கிய பேச்சு இரவு உணவு வரை நீண்டது. அப்பேச்சே இக்கட்டுரை. அடியேன் வரலாற்று ஆசிரியன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப் பாதை இலாகாவில் கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகளைக் கழித்தவன். எனினும் புகைவண்டிகளின் பழைய வரலாற்றைத் தேடிப் படிப்பதில் எனக்கு ஒரு பித்து உண்டு. இன்னொரு காரணமும் உண்டு: என் தந்தையின் அத்தை, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்து பறித்து, நடு வயதிற்கு மேல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தம் கடைசி ஆண்டுகளை அல்சூரில் எங்கள் வீட்டில் கழித்தார். நண்பர் காட்டிய தாளில் உள்ள ஒவ்வொரு படத்தையும் பற்றி அம்மூதாட்டியிடம் வேறு ஒரு கதை இருந்தது.

முதலில் பல்சக்கரத்தை முடித்துவிடுவோம். நீலகிரி மலை ரயில் மீட்டர் அகலப் பாதையில் பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறுவது. இலங்கையின் மலைப்பாதையோ ஐந்தரை அடி அகலப் பாதை, பற்சட்டம் கிடையாது, சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று பற்றும் பிடிப்பொன்றாலேயே வண்டி ஏறுகிறது. கடுகண்ணாவைச் சரிவில் ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி ஏற்றம்! வளைந்து வளைந்து ஏறும் அப்பாதை பட்டிப்பொலை அருகே 6,000 அடிக்கும் மேலான உயரத்தை எட்டுகிறது. அகலப் பாதையில் இத்தகைய உயரத்தை எட்டிய தடங்கள் உலகில் மிகச் சிலவே.

நம் அல்சூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். நமது கண்டோன்மென்ட் நிலையத்திற்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில். அதே ஆண்டு டிசம்பரில்தான் இலங்கையின் முதற் புகைவண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. அகலமும் ஒன்றே. ஆக, நம் வீட்டுப் பின்புறம் கூவிச் செல்லும் வண்டியும் இலங்கை வண்டியும் ஓராண்டுக் குழந்தைகள். 1867-இல் இலங்கைப் பாதை கண்டியை அடைந்தது, 1874-இல் நாவலப்பிட்டி, 1885-இல் நானுஓயா, 1894-இல் பண்டாரவளை, 1924-இல் பதுளை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, இரும்புச் சட்டமின்றிக் கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி இன்று இல்லை. அந்தப் பாதை எதற்காக இடப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. காட்சி காண்பதற்காக அன்று. முதலில் காப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்திற்கு இறக்குவதற்காகவும், அரிசியையும் ஆட்களையும் மலைக்கு ஏற்றுவதற்காகவும் இடப்பட்டது.

இன்று நாம் பெங்களூரிலிருந்து கொழும்பு செல்ல விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். அல்சூரிலிருந்து விமான நிலையத்தை அடைவதற்கே சில நாட்களில் அதற்கு மேல் ஆகிறது என்பது வேறு செய்தி. முன்னாளில் சென்னை எழும்பூரில் வண்டியேறி, தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் கொழும்புக்குச் செல்வர். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறிற்று. கடலின் மீது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். நடுவே கப்பல் செல்ல இரு கைகளைத் தூக்கி வழிவிடும் தூக்குப் பாலம். அதன்மேல் ஓடிய போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரை செல்லும். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று இராஜப் பிரதிநிதிகளின் பெயர்களைத் தாங்கிய கப்பல்கள் ஓடின. இருபத்திரண்டு மைல் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்பு வண்டி ஆயத்தமாக நிற்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச் சீட்டு கொழும்பு வரை செல்லும். எங்கள் இலாகாவின் பெருமைகளுள் இது ஒன்றென்று நான் சொன்னால் மிகையன்று.

ஆனால் அந்த வண்டியில் இரு வகைப் பயணிகள் சென்றனர். மேல் வகுப்புப் பயணி, மண்டபம் என்னும் நிலையத்தைச் சாளரத்தின் வழியே ஒரு கணம் பார்த்துவிட்டுத் தம் காலைச் சிற்றுண்டியை அருந்தியிருப்பார். தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளி அதே மண்டபத்தில் இறக்கப்பட்டார். இலங்கை அரசாங்கம் நடத்திய தடுப்பு முகாம் அங்கே இருந்தது. காலரா, அம்மை முதலிய நோய்கள் தீவுக்குள் புகாதிருக்க, கூலியாட்களைச் சில நாட்கள் அங்கே நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, பார்வையிட்டு அனுப்பினர். அவர்தம் கழுத்திலோ இடுப்பிலோ ஒரு தகர வில்லை தொங்கும். அதில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்திருக்கும். இதனைத் தகரச் சீட்டு என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட முறை. அந்த வில்லையைக் காட்டினால் வழிநெடுகச் சோறும் வண்டியும் கிடைக்கும். செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறி, பின்னர்க் கங்காணியின் கடனாகவும், அதன்பின் தொழிலாளியின் கடனாகவும் இறங்கும். ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டம் செல்ல வேண்டுமானால், அவர் பட்ட கடன் எவ்வளவு என்று குறித்த ‘துண்டு’ வேண்டும். கடனை அடைப்பவரே அவரை அழைத்துக்கொள்ளலாம். இத்துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. பயணச் சீட்டு அச்சிடும் தொழிலைச் சார்ந்த எனக்கு, ஒரு மனிதனைச் சரக்கு மூட்டை போல் எண்ணிட்டு அனுப்பிய அந்தத் தகரச் சீட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் மனம் கூசுகிறது.

அதற்கு முன்னர்ச் சென்றவர்களின் நிலை இதனினும் கொடிது. புகைவண்டி இல்லாத காலம். காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியிருந்த காலம். திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, நம் வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளில் பஞ்சம் தலைவிரித்தாடும். கங்காணி வந்து ஆள் கட்டுவார். இராமநாதபுரக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரை நடக்க வேண்டும். சுமார் 150 மைல். அடர்ந்த காடு; குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது; காய்ச்சலும் காலராவும் துணை; இரவில் யானையும் கரடியும் சிறுத்தையும். விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தனர். சுமக்க எவருக்கும் வலிமையில்லை. மாத்தளையை உயிருடன் அடைந்தோர் மாரியம்மனுக்கு நன்றி கூறினர். அவ்வூரின் முத்துமாரியம்மன் கோயில் இன்று தீவின் பெருங்கோயில்களுள் ஒன்று. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடும். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தீக்கிரையாகி, மீண்டும் எழுந்தது அக்கோயில். கொழும்பிலிருந்து சிகிரியாவுக்கும் கண்டிக்கும் செல்லும் சுற்றுலா வண்டிகள் அதன் கோபுரத்தைத் தாண்டியே செல்கின்றன. “அங்கே ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்” என்று நண்பரிடம் கூறினேன்.

யானையைப் பற்றி இங்கே சிறிது விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் நண்பரின் பிள்ளைகள் இருவரும் யானைக்காகவே இப்பயணத்திற்கு இசைந்தனர். மின்னேரியா ஏரியில், கோடையிலே நீர் வற்றிப் புல் முளைக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரை நூற்றுக்கணக்கான காட்டானைகள் கூடும். ஏரியை வெட்டியவன் மகாசேனன் என்னும் மன்னன். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தியவன். அவன் வயலுக்கு வெட்டினான், யானைக்கு உதவுகிறது. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியில் இந்த யானைகளின் கதி என்ன தெரியுமா? யானையைக் கொன்று வாலைக் கொண்டு வருவோர்க்கு அரசாங்கமே பரிசு கொடுத்தது. 1848-க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தில் மட்டும் 3,500-க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டதாக, அங்கே அரசுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ட் எழுதியுள்ளார். மேஜர் ராஜர்ஸ் என்னும் படை அதிகாரி ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளைத் தம் துப்பாக்கியாலேயே வீழ்த்தியவர் என்பர். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார் அவர். சாமுவேல் பேக்கர் என்னும் வேட்டைக்காரர் நுவரெலியாவில் எட்டு ஆண்டுகள் தங்கி, தாம் கொன்ற யானைகளையும் மான்களையும் பற்றி நூலெழுதிப் புகழ் பெற்றார். அக்காலத்து உயர்தரச் சுற்றுலா என்பது அதுவே: துப்பாக்கி, நாய், கூடாரம், சுமக்க இருபது ஆட்கள்.

அழித்தபின் காக்கத் தோன்றியது. 1900-ஆம் ஆண்டு யால வனப்பகுதி காப்பகமாக்கப்பட்டது. அருகே ஒரு பகுதி வேட்டையாடும் கனவான்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதன் முதற் காவலரின் வரலாறு வியப்பானது. ஏங்கல்பிரெக்ட் என்னும் பெயருடைய அவர் தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் ஆங்கிலேயரால் சிறை பிடிக்கப்பட்டு, இலங்கைத் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர். போர் முடிந்தபின் ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் ஊர் திரும்பலாம் என்றனர். அவர் மறுத்தார், தீவிலேயே தங்கினார், காட்டைக் காத்தார், அங்கேயே இறந்தார். யாலவும் வில்பத்துவும் 1938-இல் தேசிய வனங்கள் ஆயின. இன்று ஜீப்பு வண்டிகள் விடியற்காலையில் வரிசையாக நின்று, சிறுத்தை ஒன்று மரக்கிளையில் படுத்திருப்பதைக் காண முந்துகின்றன.

எங்கள் வீட்டு மூதாட்டிக்கும் சிறுத்தை தெரியும். இலங்கையில் வேங்கைப் புலி கிடையாது. தோட்டத்து மக்கள் சிறுத்தையையே புலி என்பர். தேயிலைச் செடியின் அடியில் குட்டி போட்டுக் கிடந்த புலி, பக்கத்து லயத்துப் பெண்ணின் தோளைக் கிழித்ததை அவர் நேரில் கண்டவர். அன்று அந்தப் பெண்ணுக்குப் பாதிப் பேர்தான் விழுந்ததாம். அதாவது அரை நாள் கூலி. புலியினும் அட்டைக்கே அவர் அஞ்சினார். மழைக் காலத்தில் காலில் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு மலையேறுவார்களாம். தொலைக்காட்சியில் ஒரு நாள் நுவரெலியா மலைகளைக் காட்டினர். நான் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். “எவ்வளவு அழகு பாட்டி! தினமும் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்களா?” என்று கேட்டேன். “மலையை எங்கடா ராசா பார்த்தோம்? கொழுந்தைப் பார்த்தோம், கூடையைப் பார்த்தோம்” என்றார்.

சுற்றுலாத் தாளில் ‘பண்பாட்டு முக்கோணம்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்றையும் முனையாகக் கொண்டு இப்பெயர் வழங்குகிறது. இங்கே தமிழர் நெஞ்சு நிமிர வேண்டிய இடமும் உண்டு, சற்றே தலை குனிய வேண்டிய இடமும் உண்டு. இராசராச சோழன் படை 993-ஆம் ஆண்டளவில் தீவுக்குள் புகுந்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழர் தலைநகராயிற்று. 1017-இல் மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிலேயே உயிர் நீத்தான். அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் சிவன் கோயில் கல்லாலே இன்றும் சிதையாமல் நிற்கிறது. அதன் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள. நம் அல்சூருக்கு அடுத்த தொம்மலூரில் சொக்கநாதப் பெருமாள் கோயிலில் தமிழ் எழுத்தைக் கல்லிற் கண்டு மகிழ்ந்தவர்கள், கடலுக்கப்பாலும் அதே எழுத்தைக் கண்டு மகிழலாம். ஆயின், சோழர் படை புத்த விகாரைகளைச் சூறையாடிற்று என்று சிங்களரின் சூளவம்சம் கூறுவதையும் மறைத்தல் முறையன்று. வென்றவன் நூல் ஒன்று கூறும். தோற்றவன் நூல் வேறொன்று கூறும். 1070-இல் விஜயபாகு மன்னன் சோழரை அகற்றினான். வியப்பு என்னவெனில், அதன் பின்னர் அதே பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் வைத்த கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ் வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டு, அதனைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்தனர். இரு மொழியாரும் என்றும் பகைவராகவே இருந்தனர் என்போர் அக்கல்லைப் பார்க்க வேண்டும். அந்நகரில் தோண்டியெடுத்த நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. சிகிரியாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வழிகாட்டிகள் ஆயிரம் பேர் உளர்.

கண்டியைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. ஏனெனில் நம் குடியிருப்பில் பாதிப் பேருக்கு வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். கண்டி மாநகரின் நடுவே உள்ள அழகிய ஏரியை 1807-ஆம் ஆண்டு வெட்டுவித்தவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்க மரபினன், அம்மரபினர் மதுரைச் சீமையிலிருந்து பெண்வழி உறவால் அரியணை பெற்றோர். தீவட்டிகளும் யானைகளும் சூழ ஆடித் திங்களையொட்டி நடைபெறும் பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பல்லுக்கு முதலிடம் தந்தவனும் அம்மரபைச் சேர்ந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே. 1815-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் கண்டி நாடு ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று. அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட சிங்களத் தலைவர் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர். சிறைப்பட்ட மன்னனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். 1832-இல் அங்கே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி, முத்து மண்டபம் என்னும் பெயருடன் இருக்கிறது. ஆண்டுதோறும் காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் செல்லும் நம்மவர் பலர் அதனை ஒரு முறையேனும் பார்த்ததில்லை. கண்டி ஏரியைக் காணச் செல்லும் நண்பரும் பார்த்ததில்லை. அவருடைய பிறந்த ஊரோ வேலூருக்கு எட்டு மைல்!

இனி, அந்த மலை முடிப் பங்களா. காப்பிச் செடிகள் 1869 முதல் இலைத் துரு நோயால் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை. ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. விடியுமுன் கொம்பு ஊதும் அல்லது தப்பு ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். வெளியார் எவரும் தோட்டத்துக்குள் நுழைய இயலாது. நுழைந்தால் அத்துமீறல் குற்றம். அத்தகைய காலத்தில் ஒரு தமிழர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். தஞ்சையைச் சேர்ந்த கோ. நடேசய்யர் அவர். துணி வியாபாரி போல் வேடம் பூண்டு, மூட்டையைத் தலையில் சுமந்து, லயம் லயமாக நுழைந்து நிலைமையைக் கண்டு எழுதினார். 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்கென்று சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுப் பாடியே மக்களைத் திரட்டினார். இலங்கைச் சுற்றுலா வரலாற்றை எவரேனும் எழுதினால் அந்தத் துணி மூட்டைப் பயணத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டுமென்பது என் கருத்து.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1947-இல் வாக்களித்துத் தம் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்கிழந்தனர். அவ்வெழுவரில் ஒருவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்துக் காத்தவர். பின்னர் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கொண்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வது என்றனர். 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தனர். கணக்கு எழுதும் எழுத்தன் நான். எண்களைப் பிரிப்பது எவ்வளவு எளிது என்பது எனக்குத் தெரியும். எங்கள் மூதாட்டியின் குடும்பத்தில் அவரும் ஒரு மகனும் இந்தியக் கணக்கிலும், மணமாகிப் போன மகள் இலங்கைக் கணக்கிலும் விழுந்தனர்.

உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு திங்கள் நிறையவில்லை. டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அடித்த பெரும் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டி ஒன்று, நூற்றுக்கு மேற்பட்ட மக்களோடு கடலுக்கு இரையாயிற்று. எங்கள் இலாகாவின் வரலாற்றில் அதைப் போல் கொடிய இரவு குறைவு. போட் மெயிலின் கடல் வழி அத்துடன் முடிந்தது. ஆகவே தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்திற்கு வந்த கப்பலில் வந்தனர். மூதாட்டி வந்த கப்பல் ‘இராமானுஜம்’. ஒரு தகரப் பெட்டி, ஓர் அம்மிக் கல், குடும்ப அட்டை. அம்மிக் கல்லை ஏன் சுமந்து வந்தீர்கள் என்று எல்லோரும் கேலி செய்தார்களாம். அவரோடு வந்தோரிற் சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் நம் கன்னட நாட்டிலேயே சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கே இன்றும் அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் வாழ்கின்றனர். 1984-இல் இராமேசுவரக் கப்பலும் நின்றது. மூதாட்டி தம் மகளை மீண்டும் காணவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

“அப்படியானால் அந்தப் பங்களாவில் தங்கக் கூடாது என்கிறீர்களா, அண்ணா?” என்று நண்பர் சற்று வருத்தத்துடன் கேட்டார். நான் அவ்வாறு சொல்லவில்லை. சுற்றுலாவினால் அந்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் உண்கின்றன. 1966-இல் ஆண்டுக்குச் சுமார் 19,000 பேரே சென்று கண்ட தீவுக்கு 2018-இல் 23 லட்சம் பேர் சென்றனர். அவர்களுள் இந்தியரே மிகுதி. 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்த்தப்படுவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதையும், பங்களாவின் ஓர் இரவுக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவே. எழுதிப் பார்த்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. போய்த்தான் வந்தார்.

ஜூன் மாதம் திரும்பியதும் கைபேசியில் படங்களைக் காட்டினார். யானைகள் இருந்தன, சிறுத்தை கிடைக்கவில்லை. ஒன்பது வளைவுப் பாலம் முப்பது படங்கள். மாத்தளையில் வண்டியை நிறுத்தி, குங்குமம் கொண்டு வந்திருந்தார். பங்களாவில் உணவு பரிமாறிய இளைஞரைப் பற்றியே அவர் அதிகம் பேசினார். முதல் நாள் அவ்விளைஞர் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாராம். இரண்டாம் நாள் காலையில், பிள்ளைகள் தமிழில் சண்டையிடுவதைக் கேட்டு, “ஐயா, இந்தியாவில எந்த ஊருங்க?” என்று மெல்லக் கேட்டிருக்கிறார். வேலூர்ப் பக்கம் என்றதும், தம் தாத்தாவின் தகப்பனார் ஆரணியிலிருந்து வந்தவர் என்றும், எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்பது தெரியாதென்றும் சொன்னாராம். அவருடைய தாயார் பங்களாவுக்குக் கீழே உள்ள மலையில்தான் கொழுந்து பறிக்கிறார்.

என்றேனும் ஒரு நாள் வந்தால் ஆரணிக்கு எப்படிச் செல்வது என்று அவர் கேட்டிருக்கிறார். நண்பருக்கு எப்போதும் காரில் சென்றே பழக்கம், சொல்லத் தெரியவில்லை. சென்னையில் இறங்கினால் காட்பாடி வரை ரயில், அங்கிருந்து வேலூர்ப் பேருந்து நிலையம், பின்னர் ஆரணிப் பேருந்து என்று வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் மீண்டும் தொடங்கிய கப்பல் வழியையும் கீழே குறித்தேன். நண்பர் அத்தாளைப் படம் எடுத்து அன்றிரவே அவ்விளைஞருக்கு அனுப்பி வைத்தார்.